ரோட்டோரத்துக்குப் பெட்டி வேண்டாம், மரம் வேணும்

போன மாசம் மதுரை அண்ணாநகர்ல இருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். கள்ளிக்குடிக்குப் பக்கத்துல நாலுவழிச் சாலையை ஒட்டி நாற்பது சென்ட் இடம் வாங்கிப் போட்டிருக்கார். எங்க தோட்டத்துல இருக்கிற தேனீப் பெட்டிகளைப் பார்த்துட்டு அவருக்கும் ஆசை வந்துடுச்சு.

"அண்ணே, இடம் சும்மாதான கெடக்கு. பத்துப் பெட்டி வச்சா என்ன? ரோட்டுல போறவங்க கண்ணுல படும், தேனும் அங்கேயே வித்துப் போயிரும்."

"பெட்டி வைக்கலாம் தம்பி. ஆனா அந்த இடத்துல வேணாம்."

"ஏண்ணே, லாரிச் சத்தத்துக்கு ஈ ஓடிப் போயிருமா?"

இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. சத்தம்தான் பிரச்சினைன்னு நானும் ஒரு காலத்துல நினைச்சவன். அது இல்லைன்னு புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு பெட்டியும் ஒரு கெட்ட காலைப்பொழுதும் செலவாச்சு. அவர்கிட்ட அன்னைக்குப் பாதிதான் சொல்ல முடிஞ்சது. மீதியையும் சேர்த்து இங்க எழுதிடறேன். உங்கள்ல பலபேர் இப்படி ரோட்டோரமா இடம் வாங்கி வச்சிருக்கீங்க, உங்களுக்கும் ஆகும்.

எங்க காடு இருக்கிறது ரெண்டு பாதைக்கு நடுவுல. ஒரு பக்கம் நாலுவழிச் சாலை. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரியில முடியுற 44-ஆம் நம்பர் சாலை, நாங்க இன்னமும் "செவன்"னுதான் சொல்லுவோம், பழைய நம்பர் அது. மறுபக்கம் மதுரை – விருதுநகர் ரயில் பாதை. ஒத்தைப் பாதையா இருந்தது இப்போ ரெட்டைப் பாதை ஆயிடுச்சு. 2023 செப்டம்பர்ல இருந்து திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத்தும் இந்த வழியாத்தான் ஓடுது.

2016-ல நாலு பெட்டி வாங்கினேன். அடுக்குத் தேனீ, நம்ம ஊரு ஈ. சர்வீஸ் ரோட்டுல இருந்து இருபதடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில வச்சேன். அந்தத் தம்பி சொன்ன அதே காரணம்தான். ஒரு அட்டையில "சுத்தமான தேன்"னு எழுதித் தொங்கவிட்டேன். பெட்டியைக் கண்ணால பார்த்தா ஜனம் நம்பி வாங்குது. முதல் வருசம் எடுத்த கொஞ்சத் தேனும் அன்னன்னைக்கே வித்துப் போச்சு. பொய் சொல்லலை, காசு நல்லாத்தான் வந்தது.

ஆனா காலையில ரோட்டோர வெள்ளைக்கோட்டுப் பக்கம் நடந்து பார்த்தா செத்த ஈ கிடக்கும். ஒண்ணு ரெண்டு இல்லை, கூட்டி அள்ளினா ஒரு கை இருக்கும். தேனீ பெட்டியை விட்டுக் கிளம்புறப்ப நேரா மேல போறதில்லை. எதிர்ல தடுப்பு இல்லைன்னா தாழ்வாவே போகும், ஆள் உயரத்துக்கு, சில நேரம் இடுப்பு உயரத்துக்கு. தேன் சுமந்து திரும்பி வர்றப்ப இன்னும் தாழ்வா வரும். பூ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தா அந்த உயரத்துலதான் ரோட்டைக் கடக்கணும். லாரியும் பஸ்ஸும் காரும் ஓடுற உயரமும் அதுதான்.

அடுத்த வருசம் ஆனி மாசம். காலை எட்டு மணி இருக்கும். பைக்குல புருசன், பொண்டாட்டி, முன்னாடி நாலு வயசுப் பிள்ளை. சர்வீஸ் ரோட்டுல வந்துட்டு இருந்தாங்க. ஒரு ஈ அவரோட ஹெல்மெட்டுக்குள்ள புகுந்துடுச்சு. கண்ணுக்குப் பக்கத்துல கொட்டவும் அவர் கையை விட்டுட்டார். வண்டி சாஞ்சுது. நல்ல காலம், மெதுவாத்தான் வந்திருக்கார், மெயின் ரோட்டுலயும் இல்லை. பிள்ளைக்கு முழங்கால்ல சிராய்ப்பு, அவ்வளவுதான். ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, கொடுக்கை நகத்தால சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த மனுசன் திட்டவே இல்லை. "பெட்டி உங்களுதாங்கய்யா?"ன்னு மட்டும் கேட்டார். ஆமான்னேன். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வேப்பமரத்தடியை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிட்டார். திட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அன்னைக்கு ராத்திரியே பெட்டி வாசலை வலைத்துணியால அடைச்சு வண்டியில ஏத்தினேன். ஆனா நேரா தோட்டத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக முடியாது. தேனீக்காரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு: நகர்த்தினா மூணு அடி, இல்லைன்னா மூணு கிலோமீட்டர். நடுவுல எங்கயாவது வச்சா, வெளிய போன ஈ பழைய இடத்தைத் தேடிப்போய் அந்தரத்துல சுத்திச் சுத்திச் சாகும். அடுக்குத் தேனீ ஒண்ணு, ஒண்ணரைக் கிலோமீட்டர் சுத்தளவை நல்லா மனசுல பதிச்சு வச்சிருக்கும். அதனால அஞ்சு கிலோமீட்டர் தள்ளி மச்சினர் தென்னந்தோப்புல ரெண்டு மூணு வாரம் வச்சிருந்து, பிறகுதான் திருப்பிக் கொண்டாந்தேன். அதுக்குள்ள ரெண்டு பெட்டி காலியாயிடுச்சு. கூட்டம் ஏற்கெனவே மெலிஞ்சு போயிருந்தது, மெழுகு அந்துப்பூச்சி புகுந்துடுச்சு.

மிஞ்சின ரெண்டையும் ரோட்டுல இருந்து அரைக் கிலோமீட்டர் உள்ள, ரயில் பாதைப் பக்கமாத்தான் வச்சேன். "ரோட்டை விட்டு ரயில் கிட்டயா?"ன்னு ஊர்ல சிரிச்சாங்க. தண்டவாளத்துக்கும் பெட்டிக்கும் நூற்றைம்பது மீட்டர் இருக்கும். அந்த ரெண்டு இன்னைக்கு ஆறாயிருக்கு. இடம் மாத்தினதாலதான் எல்லாம் சரியாச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நிழல் நல்லா குடுத்தேன், தண்ணி வச்சேன், அனுபவமும் கூடிடுச்சு. ஆனா ரயில் அதுகளை விரட்டலைங்கிறது மட்டும் நிச்சயம்.

நமக்கு இருக்கிற மாதிரி காது தேனீக்குக் கிடையாது. அதுக்குப் பெரிசாத் தெரியுறது அதிர்வுதான். எந்தத் திசையில எவ்வளவு தூரத்துல பூ இருக்குன்னு ஒரு ஈ மத்த ஈக்கு அடையில ஆடிக் காட்டும். பெட்டிக்குள்ள இருட்டு, கண்ணால பார்க்க முடியாது. அடையில வர்ற நடுக்கத்தை வச்சும், தொட்டுப் பார்த்தும்தான் மத்தது புரிஞ்சுக்கும். இந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடிச்ச கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதனால பெட்டி ஓயாம ஆடிக்கிட்டே இருக்கிறது நல்லதில்லை. ஆனா ரயில் வந்தா ஒரு நிமிசம், மிஞ்சினா ரெண்டு நிமிசம். போயிட்டா அடங்கிடும். பெட்டி ஸ்டாண்டுக்கு அடியில பழைய டயர் வெட்டிப் போட்டிருக்கேன், அதுவே போதும். மின்சார ரயில்ங்கிறதால புகையும் இல்லை. நாலுவழிச் சாலை அப்படியா? ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

ரோட்டுல ஈயைக் கெடுக்கிறது சத்தத்தை விடப் புகையும் தூசியும். இது என் ஊகம் இல்லை. பெங்களூருல இருக்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்காரங்க அந்த ஊருக்குள்ளயும் சுத்தியும் நாலு இடத்துல மலைத்தேனீயைப் பிடிச்சு ஆராய்ஞ்சு 2020-ல வெளியிட்டாங்க. மொத்தம் 1,800-க்கு மேல ஈ. காத்து கெட்டுப்போன இடத்துல பிடிச்சதுல நூத்துக்கு எண்பதுக்கு மேல ஒரே நாள்ல செத்துப் போச்சு. உடம்புல தூசித் துகள் அப்பியிருந்தது, நெஞ்சுத் துடிப்பு மாறியிருந்தது, பூவுக்கு வர்றதும் குறைஞ்சிருந்தது. இங்கிலாந்துல சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்துல 2013-ல இன்னொண்ணு பார்த்தாங்க. கடுகு இனத்துப் பூவோட வாசனையில டீசல் புகையைக் கலந்தா, அந்த வாசனையில இருக்கிற ரெண்டு பொருள் ஒரு நிமிசத்துக்குள்ள காணாமப் போகுது. மிச்ச வாசனையை வச்சு ஈக்கு அந்தப் பூவை அடையாளம் தெரியலை. இதை எல்லாம் என் மக போன்ல எடுத்து வாசிச்சுச் சொன்னப்ப வேப்பமரத்தடிப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. எதிர்ல பூ இருந்தும் ஈ வெறுங்காலோட திரும்பி வர்றதை நான் பார்த்திருக்கேன். காரணம் அப்போ புரியலை.

"அப்போ ரோட்டோரத் தேன் விஷமா?"ன்னு பதற வேண்டாம். கனடாவுல வான்கூவர் நகரத்துத் தேனைச் சோதிச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்தது. நெரிசலான நகர நடுப்பகுதித் தேன்ல காரீயம் கொஞ்சம் கூட இருந்ததாம், ஆனா சாப்பிடக்கூடாத அளவுல இல்லையாம். நம்ம நாட்டுல பெட்ரோல்ல காரீயம் கலக்குறதை 2000-லயே நிறுத்தியாச்சு. தேனைக் குடிக்கிற நம்மளை விட, அதைச் சேர்க்கிற ஈக்குத்தான் நட்டம் அதிகம்.

நகரம்னாலே ஈக்கு ஆகாதுன்னும் நான் சொல்லலை. பாரிஸ்ல ஓபரா அரங்கத்து மொட்டைமாடியில 1980-கள்ல இருந்து பெட்டி வச்சுத் தேன் எடுக்குறாங்க. மாடியில இருந்து கிளம்புற ஈ வண்டிகளுக்கு மேலயே பறந்து போயிடுது, அந்த ஊர்ல பூங்காவும் சாலை மரமும் நிறைய. உயரமும் பூவும் இருந்தா ஊருக்குள்ளயும் பிழைக்கும். அங்கதான் நம்ம ஊரு இடிக்குது.

எங்களுது மானாவாரி பூமி. ஐப்பசி மழைக்கு விதைச்சு தை, மாசியோட பருத்தி, சோளம், மல்லி எல்லாம் முடிஞ்சிரும். பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் காட்டுல பூ கிடையாது, வெறும் கரிசல்தான். அந்த ஆறு மாசம் ஈக்குச் சோறு போடுறது மரம் மட்டும்தான். வேம்பும் புங்கையும் நாவலும் பங்குனி, சித்திரையில பூக்கும். அதுக்குப் பிறகு புளி. வெளியூர்க்காரங்க "மதுரைன்னா மல்லிகை, ஈக்குப் பஞ்சமா?"ன்னு கேப்பாங்க. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-ல கிடைச்சது, பெருமைதான். ஆனா மல்லியை மொட்டுலயே விடியக்காலம் பறிச்சிடுவோம். விரிஞ்சு நிக்கிற பூவே செடியில இருக்காது. அதுக்கு அடிக்கிற மருந்து வேற.

அந்தக் கோடைச் சோறு அந்தக் காலத்துல எங்க இருந்ததுன்னா, ரோட்டுல. ராணி மங்கம்மாள் மதுரையில இருந்து கன்னியாகுமரிக்குப் போட்ட சாலைன்னு இதைச் சொல்லுவாங்க. 17-ஆம் நூற்றாண்டு முடியுற சமயம். வழிநெடுக மரம் வச்சு, சத்திரம் கட்டினது அந்த அம்மான்னு ஊர்ல இன்னைக்கும் பேசுவாங்க. நான் பள்ளிக்கூடம் போன நாள்ல இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் புளியமரம் கவிஞ்சு நிக்கும். பூ பூத்த நாள்ல அதுக்கடியில நின்னா தலைக்கு மேல ஒரு இரைச்சல் கேக்கும், அத்தனையும் தேனீ. நாலுவழிச் சாலைக்காக எங்க ஊர்ப் பக்கம் அத்தனை மரமும் போச்சு. சாலை வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்லை. பிரசவ வலி வந்த பொம்பளைய இன்னைக்கு முக்கால் மணி நேரத்துல மதுரைக்குக் கொண்டுபோக முடியுது. ஆனா வெட்டினதுக்குப் பதிலா என்ன வச்சிருக்காங்கன்னு அடுத்த தடவை கார்ல போறப்ப பாருங்க. நடுத்திட்டுல அரளி, காகிதப்பூ. பார்க்க அழகு. அரளியில ஈக்குத் தேனே கிடையாது. அப்படியே இருந்தாலும், நடுத்திட்டுக்கு ஈ வரணும்னா ரெண்டு வழி வண்டியைக் கடந்துதான் வரணும். சோறு காட்டிச் சாகக் கூப்பிடுற மாதிரி ஆயிரும்.

இப்போ எங்க பக்கம் ஈக்குப் பசி அமத்துறது யாருன்னு சொன்னா அடிக்க வருவீங்க. சீமைக் கருவேலம். ரயில்வே நிலத்துல தண்டவாளத்தை ஒட்டி அடர்ந்து நிக்குது. நிலத்தைக் கெடுக்குது, தண்ணியை உறிஞ்சுதுன்னு நானே அதை வெட்டினவன். 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப சந்தோசப்பட்டவன். ஆனா என் பெட்டி ரயில் பக்கம் பிழைச்சதுக்கு அதோட பூவும் ஒரு காரணம்னு மறைக்க முடியாது. வெட்டட்டும், வேணாங்கலை. வெட்டின இடத்துல அதே வருசம் புங்கையும் நாவலும் நடணும். வெறும் பொட்டலா விட்டா, இருக்கிற கஞ்சியையும் தட்டிப் பறிச்ச கதைதான்.

தேனீ வளர்க்கணும்னு அரசாங்கமும் சொல்லுது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-ல இருந்து ஹனி மிஷன்னு பெட்டி குடுக்குது. 2020-ல மத்திய அரசு தேனீ வளர்ப்புக்குன்னு 500 கோடி ரூபாய் அறிவிச்சது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்துலயே பயிற்சி குடுக்குறாங்க. எல்லாம் நல்லது. ஆனா பெட்டி குடுக்குறவங்க ஒரு இலாகா, ரோட்டோரம் மரம் வைக்கிறவங்க இன்னொரு இலாகா. சாலையில மரம் வளர்க்கன்னே 2015-ல பசுமை நெடுஞ்சாலைக் கொள்கைன்னு ஒண்ணு வந்தது. அதுல வைக்கிற மரத்தை ஈக்கு ஆகுற மரமா வைக்கிறதுக்குக் கூடுதலா ஒரு காசு செலவில்லை. அரளிக் கன்னுக்கும் புங்கங் கன்னுக்கும் குழி ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான்.

நான் கேக்குறது இவ்வளவுதான். நடுத்திட்டுல எதை வேணா வைங்க, தேன் இருக்கிற பூ மட்டும் வேணாம். புங்கை, வேம்பு, நாவல், இலுப்பை, புளி எல்லாம் சாலையோட வெளி ஓரத்துல, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வயக்காட்டைப் பார்த்து நிக்கட்டும். புகை அங்கயும் வரும், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஈ ரோட்டைக் கடக்காம வயல் பக்கமிருந்தே வந்துட்டுப் போகும். ரயில்வே நிலமும் அப்படித்தான், மின்கம்பியில கிளை படாத தூரத்துல.

ரோட்டோரம் இடம் வச்சிருக்கிற உங்களுக்கும் சொல்றேன். இடம் நீளமா உள்ள போகுதுன்னா பெட்டியைக் கடைசிக் கோடியில வைங்க. முந்நூறு மீட்டராவது தள்ளி இருந்தா நல்லது. அவ்வளவு இடம் இல்லைன்னா பெட்டி ஆசையை விட்டுடுங்க. தள்ளி வச்சாலும் பெட்டி வாசலுக்கு எதிர்ல அகத்தியோ கிளுவையோ ஆள் உயரத்துக்கு மேல வேலியா வளர்த்துவிடுங்க, ஈ கிளம்புறப்பவே மேல ஏறிடும். வாசல் ரோட்டைப் பார்க்க வேண்டாம். ஒரு மண்சட்டியில கல்லைப் போட்டுத் தண்ணி வைங்க, இல்லாட்டி சாக்கடைக்கும் டீக்கடைக்கும்தான் தேடிப்போகும். தேன் வாங்குறப்ப ரோட்டோரம் பெட்டி தெரியுதான்னு பார்த்து வாங்காதீங்க. நீங்க அப்படி வாங்கினதாலதான் நானும் அங்க கொண்டுபோய் வச்சேன்.

அண்ணாநகர்த் தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப முகம் கொஞ்சம் வாடிடுச்சு. நாற்பது சென்ட்ல முந்நூறு மீட்டருக்கு அவர் எங்க போவார்? "அப்போ நான் என்னதாண்ணே செய்யிறது?"ன்னார். "உங்க இடத்துல மரம் வைங்க தம்பி. பெட்டி என்கிட்ட இருக்கட்டும்"னேன். ரோட்டை விட்டுத் தள்ளி, பின்பக்க வரப்புல பன்னெண்டு புங்கங்கன்னு வச்சிருக்கோம். வாரத்துக்கு ஒருதடவை தண்ணி ஊத்துறது என் பொறுப்பு. பூக்க நாலஞ்சு வருசம் ஆகும். அது பூத்த பிறகு எடுக்குற முதல் தேன்ல ஒரு பாட்டில் அவருக்குன்னு பேசியிருக்கோம்.